தட்சிணாமூர்த்திக்கு கொண்டைக்கடலை மாலை: புதன் ராத்திரி ஊறவைக்கறதுல இருந்து வியாழன் கோவில்ல உக்கார்ற வரைக்கும் முழுமையான வழிகாட்டி

வியாழக்கிழமை காலைல எந்த சிவன் கோவிலுக்கு போனாலும் தெற்கு பிராகாரத்துல ஒரு கூட்டம் நிக்கும், அதுல பாதி பேர் கைல கொண்டைக்கடலை மாலை இருக்கும், அந்த மாலைல பாதி அர்ச்சகர் கைக்கு போறதுக்குள்ள அறுந்துடும். நானும் அறுத்தவன் தான். மொத தடவை கோவில்ல கவர்ல இருந்து மாலைய எடுத்து தூக்கினேன், முடிச்சு அவுந்து கடலை எல்லாம் பிராகாரம் பூரா உருண்டு ஓடிச்சு, ஒரு பாட்டி கூடவே குனிஞ்சு பொறுக்கி குடுத்துட்டு "தம்பி, ஊசிய எங்க குத்தின?"ன்னு கேட்டாங்க. அந்த ஒரு கேள்விலயே பாதி விஷயம் இருக்கு, கீழ 5வது படில சொல்றேன்.

இப்ப வாராவாரம் புதுசா யாராவது வந்து கேக்கறாங்க, ஒவ்வொருத்தருக்கா சொல்றதுக்கு மொத்தமா எழுதிடலாம்னு தான் இது. வரிசைய மாத்தாம படிங்க, ஏன்னா தப்பு எல்லாம் பெரும்பாலும் வரிசைல தான் நடக்குது.

1. மொதல்ல யாருக்கு பண்றோம்னு முடிவு பண்ணுங்க

இதுல தான் முக்கால்வாசி பேர் தடுக்கி விழறாங்க. தட்சிணாமூர்த்தி வேற, குரு பகவான் வேற. தட்சிணாமூர்த்தி சிவனே தான், கல்லால மரத்துக்கு கீழ உக்காந்து சனகர், சனந்தனர், சனாதனர், சனத்குமாரர்னு நாலு ரிஷிங்களுக்கு வாயே திறக்காம ஞானம் சொல்லிக் குடுக்கற வாத்தியார். குரு பகவான்ங்கறது பிரகஸ்பதி, தேவர்களுக்கு குரு, நவகிரகத்துல ஒருத்தர், வியாழன் கிரகம். ரெண்டு பேரையும் "குரு"ன்னு சொல்றதால வந்த குழப்பம் இது.

கோவில்ல பாத்தாலே வித்தியாசம் தெரியும். தட்சிணாமூர்த்தி கருவறையோட தெற்கு வெளிச்சுவத்துல, கோஷ்டம்னு சொல்ற மாடத்துல, தெற்கு பாத்து உக்காந்திருப்பார். குரு பகவான் நவகிரக மேடைல வடக்கு பக்கத்துல, நிறைய கோவில்ல வடக்கு பாத்த மாதிரியே இருப்பார். அதாவது ஒருத்தர் பாக்கற திசைக்கு நேர் எதிர் திசைல இன்னொருத்தர்.

அப்ப எதுக்கு போகணும்? ஜோசியர் "குரு பரிகாரம் பண்ணுங்க"ன்னு சொல்லி அனுப்பினா அது கிரகத்துக்கு, நவகிரக குருகிட்ட போங்க. படிப்பு நல்லா வரணும், மனசு ஒரு நிலைல நிக்கணும், ஒரு நல்ல வாத்தியார் அமையணும்னா அது தட்சிணாமூர்த்தி. ஆலங்குடி ஆபத்சகாயேஸ்வரர் கோவில் மாதிரி இடத்துல தட்சிணாமூர்த்தியவே குருவா வச்சு கும்பிடறாங்க, அங்க இந்த கேள்வியே வராது. தஞ்சாவூர் பக்கம் திட்டைல பாத்தீங்கன்னா குரு பகவானுக்கே தனி சன்னதி இருக்கு.

இன்னொரு உண்மையும் சொல்லிடறேன். நவதானியத்துல கொண்டைக்கடலை குரு கிரகத்தோட தானியம், சூரியனுக்கு கோதுமை, சனிக்கு எள்ளு மாதிரி. மஞ்சள் துணியும் அவருக்கு உரியது தான். தட்சிணாமூர்த்திய தியான ஸ்லோகம் ஸ்படிகம் மாதிரி, வெள்ளி மாதிரி வெள்ளை நிறம்னு தான் சொல்லுது, அதனால விஷயம் தெரிஞ்சவங்க அவருக்கு வெள்ளை வஸ்திரம் தான் சாத்துவாங்க. ஆனா பழக்கத்துல கடலை மாலை அவருக்கும் வந்துடுச்சு, நிறைய கோவில்ல ஏத்துக்கறாங்க. எங்க குருக்கள்கிட்ட ஒரு தடவை இத கேட்டேன். "அவர் ஒண்ணும் கோச்சுக்க மாட்டார், தாராளமா கொண்டு வாங்கோ, ஆனா நன்னா ஊறினதா கொண்டு வாங்கோ, போன வாரம் ஒருத்தர் கல்லு மாதிரி கொண்டு வந்தார்"னு சொன்னார். அந்த தைரியத்துல தான் நான் கட்டறேன்.

2. ரெண்டு நாள் முன்னாடியே கோவில்ல கேட்டுடுங்க

எல்லா கோவில்லயும் கடலை மாலை சாத்த மாட்டாங்க. எலி, எறும்பு தொல்லைன்னு சில இடத்துல நிறுத்திட்டாங்க, சில இடத்துல வாங்கி பாதத்துல வச்சுட்டு அப்படியே திருப்பி குடுத்துடுவாங்க. ராத்திரி பூரா ஊறவச்சு விடியகாலைல எழுந்து கோத்துட்டு போய் "இங்க சாத்தறதில்லையே"ன்னு கேக்கறது ரொம்ப கஷ்டமா இருக்கும்.

கேக்க வேண்டியது நாலு விஷயம்: மாலை சாத்துவீங்களா, எத்தனை கடலைல வேணும், அபிஷேகம் எத்தனை மணிக்கு, வஸ்திரம் குடுக்கறதா இருந்தா எவ்வளவு நீளம். கோஷ்டத்துல இருக்கற சாமி பல கோவில்ல ரெண்டு மூணு அடி உயரம் தான், அதுக்கு போய் எட்டு முழ வேட்டி வாங்கிட்டு வர்றாங்க, அர்ச்சகர் அத எட்டா மடிச்சு சொருக வேண்டியிருக்கு.

108 கடலை மாலைன்னா கிட்டத்தட்ட மூணு அடி நீளம் வரும். சின்ன மூர்த்தின்னா 54 போதும். எண்ணிக்கை பெருசா இருந்தா பலன் பெருசுன்னு ஒண்ணும் கிடையாது, தோள்ல இருந்து இறங்கி மடில நிக்கற அளவு இருந்தா பாக்க அழகா இருக்கும், அவ்வளவு தான்.

3. வேண்டிய சாமான்

கருப்பு கொண்டைக்கடலை ஒரு கைப்பிடி நிறைய. வெள்ளை கடலை பெருசா இருக்கறதால அதுல கோத்தா சீக்கிரம் முடியும்னு தோணும், ஆனா அது தோல் மெலிசு, ஊறினதும் தோல் உரிஞ்சுடும், நான் எடுக்கறதில்ல. புது கடலையா பாத்து வாங்குங்க, வருஷக்கணக்கா டப்பால கிடந்தது எவ்வளவு ஊறினாலும் நடுவுல கல்லு மாதிரி தான் இருக்கும்.

நூல் பருத்தி நூல். பூ கட்டற நூல் ஒத்தையா போட்டா தாங்காது, ரெட்டையா போடணும். நைலான் நூல் வேண்டாம், அறுந்து போகாது தான், ஆனா கடலைய அறுத்துடும், ஊறின கடலைல அது கத்தி மாதிரி இறங்கும். ஊசி கொஞ்சம் நீளமான தையல் ஊசி. கோணி ஊசிய எடுத்தவங்கள பாத்திருக்கேன், ஒவ்வொரு கடலையும் ரெண்டா பிளந்துக்கிட்டே இருக்கும், கடைசில சுண்டல் தான் பண்ணணும்.

கூடவே அகல் விளக்கு, நெய், திரி, தீப்பெட்டி, வெள்ளைப் பூ கொஞ்சம், அர்ச்சனை பண்றதா இருந்தா தேங்காய், பழம், வெத்தலை பாக்கு. பூக்காரம்மா எத குடுத்தாலும் வாங்கிக்காதீங்க, தாழம்பூ சிவனுக்கு ஆகாது, இவரும் சிவன் தான். மல்லி, முல்லை, தும்பை எதுவா இருந்தாலும் சரி, வில்வம் கெடச்சா அத விட நல்லது.

4. ஊறவைக்கறது

காலைல போறவங்க புதன்கிழமை ராத்திரி ஒரு 9 மணிக்கு ஊறப் போடுங்க, காலைல 5 மணிக்கு வடிங்க. எட்டு மணி நேரம். சாயங்காலம் போறவங்க வியாழன் காலைல ஊறப் போட்டாலே போதும், நிறைய பேர் சாயங்கால பூஜைக்கும் முந்தின ராத்திரியே போட்டுடறாங்க, 20 மணி நேரம் ஊறி மூக்கு வெடிச்சு முளை எட்டிப் பாக்கும், ஊசி குத்தினா பொலபொலன்னு உடையும்.

சித்திரை வைகாசி வெயில்ல இன்னொரு பிரச்சனை, தண்ணி நொரைச்சு புளிச்ச வாடை வந்துடும். படுக்கப் போறதுக்கு முன்னாடி ஒரு தடவை தண்ணிய மாத்துங்க. பதத்துக்கு ஒரு சோதனை: ஒரு கடலைய எடுத்து நகத்தால அழுத்துங்க, நகம் உள்ள இறங்கணும், கடலை பிளக்கக் கூடாது.

வடிச்சதும் உடனே கோக்காதீங்க. ஒரு பருத்தித் துணில பரப்பி அரை மணி நேரம் விடுங்க. ஈரம் சொட்டச் சொட்ட கோத்தா விரல் வழுக்கி ஊசி கைல ஏறும், நூலும் ஈரத்துல உப்பி அடுத்த கடலைல நுழையாது. அந்த அரை மணி நேரத்துல குளிச்சுட்டு வந்துடலாம், அதுக்கு தான் 5 மணின்னு சொன்னேன்.

5. கோக்கறது, அந்த பாட்டி கேட்ட கேள்வி

ஒரு கடலைய கைல எடுத்து நல்லா பாருங்க. ஒரு பக்கம் கிளி மூக்கு மாதிரி சின்னதா நீட்டிக்கிட்டு இருக்கும். அந்த மூக்க உங்க பக்கம் திருப்பி வச்சா இடப்பக்கம் ஒரு கன்னம், வலப்பக்கம் ஒரு கன்னம், நடுவுல ஒரு கோடு. உள்ள ரெண்டு பருப்பு ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு இருக்கு, அந்த கோடு தான் ரெண்டும் சேர்ற இடம்.

நான் மொத தடவை மூக்குல குத்தி பின்னால எடுத்தேன். ஊசி சுலபமா போகும், ஏன்னா ரெண்டு பருப்புக்கும் நடுவுல இருக்கற சந்துலயே போகுது. ஆனா மாலைய தூக்கின உடனே பாரம் தாங்காம கடலை ரெண்டா பிரிஞ்சு கீழ விழுந்துடும். ஒண்ணு விழுந்தா நூல் தொளதொளன்னு ஆகி முடிச்சும் நழுவிடும். குத்த வேண்டியது ஒரு கன்னத்துல இருந்து இன்னொரு கன்னத்துக்கு, குறுக்கால. அப்ப நூல் ரெண்டு பருப்பையும் சேத்து புடிச்சுக்கும், பிளக்கவே பிளக்காது.

108ன்னா முதல்லயே 27, 27ஆ நாலு குவியல் பிரிச்சு வச்சுக்கோங்க. நடுவுல ஃபோன் அடிச்சாலோ, காபி வேணுமான்னு யாராவது கேட்டாலோ எண்ணிக்கை விட்டுப் போகும், குவியலா இருந்தா எங்க இருக்கோம்னு தெரியும். உடையறதுக்கு ஒரு 12, 15 கூடவே எடுத்து வைங்க.

நூல் ஒரு ஆள் உயரத்துக்கு எடுத்து ஊசில கோத்து ரெண்டா மடிச்சுக்கோங்க. ரெட்டையா மூணு அடி நிக்கும், அது 54க்கு தான் சரியா வரும், 108க்கு அத விட ஒண்ணரை மடங்கு எடுக்கணும். ஆரம்பத்துல ஒரு சாண் நூல் விட்டு முடிச்சு போடுங்க, முடியற இடத்துலயும் ஒரு சாண் விடுங்க. இந்த ரெண்டு சாண் தான் அர்ச்சகர் சாமி கழுத்துக்கு பின்னால கட்டறதுக்கு. நிறைய பேர் வட்டமா முடிச்சு போட்டு மூடியே கொண்டு வந்துடறாங்க, கோஷ்டத்துல சாமி முதுகு சுவரோட ஒட்டி இருக்கும், தலைக்கு மேல மரம், திருவாசி எல்லாம் இருக்கும், மூடின மாலைய எப்படி போடறது? அவர் நூலை அறுத்து தான் கட்டணும்.

நெருக்கி கோக்காதீங்க, ஒரு கடலைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல ஊசி முனை அளவு இடம் விடுங்க, மாலை வளையணும்ல. ராத்திரியே கோத்து வச்சுடலாமான்னு கேக்கறாங்க. வேண்டாம். காலைக்குள்ள கடலை காஞ்சு சுருங்கி மாலை லொடலொடன்னு ஆயிடும்.

முடிஞ்சதும் வாழை இலைல சுத்தி எடுத்துட்டு போங்க. பாலிதீன் கவர்ல போட்டா வேர்த்து பிசுபிசுக்கும், வெயில் நேரம்னா கோவில் போய் சேரறதுக்குள்ள வாடை வந்துடும். எனக்கு மொத தடவை ஒரு மணி நேரம் ஆச்சு, இப்ப இருபது நிமிஷம்.

6. கிளம்பற நேரம்

வியாழக்கிழமை குரு ஹோரை, அதாவது குரு கிரகத்துக்கு உரிய ஒரு மணி நேரம், காலைல 6 டு 7, மதியம் 1 டு 2, ராத்திரி 8 டு 9. இது எல்லாருக்கும் தெரியும். தெரியாதது என்னன்னா அன்னைக்கு எமகண்டம் காலை 6 டு 7.30, ராகுகாலம் மதியம் 1.30 டு 3. அதனால ஹோரையும் வேணும், எமகண்டமும் ராகுகாலமும் கூடாதுன்னு பாக்கறவங்களுக்கு மிஞ்சறது மதியம் அரை மணி நேரமும் ராத்திரி 8 டு 9ம் தான். மதியம் கோவில் நடை சாத்திருக்கும். தெனமும் நடக்கற அபிஷேகத்துக்கும் கும்பிடறதுக்கும் எமகண்டம் பாக்கறதில்லன்னு தான் எங்க குருக்கள் சொல்வார், நான் 7 மணிக்கு போயிடுவேன், ஹோரை பத்தி கவலப்படறதில்ல.

அபிஷேக நேரத்துக்கு போறது நல்லதுன்னு சொல்றதுக்கு வேற காரணம் இருக்கு. அலங்காரம் ஆனப்பறம் வஸ்திரம், மாலைனு மூடிடுவாங்க, முகம் மட்டும் தான் தெரியும். அபிஷேகத்தப்ப தான் மூர்த்திய முழுசா பாக்க முடியும், அது 9வது படிக்கு வேணும்.

குரு கிரகம் ராசி மாறற குருப்பெயர்ச்சி சமயத்துல மொத தடவையா போகாதீங்க, கூட்டத்துல ஒண்ணும் கத்துக்க முடியாது. தேதியே ரெண்டு சொல்வாங்க, வாக்கியப் பஞ்சாங்கம் ஒண்ணு, திருக்கணிதம் ஒண்ணு, 2025ல மே 11னு ஒண்ணு, மே 14னு ஒண்ணு வந்துச்சு. உங்க கோவில் எத பின்பற்றுதோ அது தான் உங்களுக்கு.

7. கோவிலுக்குள்ள போற வரிசை

நேரா தெற்கு பிராகாரத்துக்கு ஓடாதீங்க. பிள்ளையார், நந்தி, மூலவர், அம்பாள், அப்பறம் தான் பிராகாரம் சுத்தறது. தட்சிணாமூர்த்தி சிவனோட ஒரு வடிவம், மூலவர பாக்காம அவர மட்டும் பாத்துட்டு திரும்பறது, வீட்டுக்கு வந்துட்டு வீட்டுக்காரர கண்டுக்காம போற மாதிரி.

கிழக்கு பாத்த கோவில்ல வலம் வர ஆரம்பிச்ச உடனே தெற்கு சுவர் வந்துடும், நர்த்தன விநாயகர், அடுத்து தட்சிணாமூர்த்தி, பின்பக்கம் லிங்கோத்பவர், வடக்க பிரம்மா, துர்க்கை. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் மாதிரி மேற்கு பாத்த சன்னதின்னா சுத்தும்போது வடக்கு பக்கம் தான் மொதல்ல வரும், தட்சிணாமூர்த்தி கடைசில. புதுசா வர்றவங்க அங்க "காணோமே"ன்னு வந்த வழியே திரும்பி எதிர்ப்பக்கமா சுத்த ஆரம்பிச்சுடறாங்க. பொறுமையா முன்னாடி போங்க, வருவார்.

எப்பவும் தெற்கு பாத்து தான் இருப்பார்னும் இல்ல. சிவகங்கை மாவட்டத்துல திருப்பத்தூர் பக்கம் பட்டமங்கலத்துல கிழக்கு பாத்து இருக்கார்.

8. சன்னதி முன்னாடி

நேர் எதிர்ல நிக்காதீங்க, ஒரு ஓரமா நில்லுங்க. பிராகாரம் குறுகல், நடுவுல ஒருத்தர் நின்னா பின்னால வர்றவங்க எல்லாருக்கும் மறைக்கும்.

மாலைய அர்ச்சகர் கைல தான் குடுக்கணும், நாமளே எட்டி சாமி மேல போடறதோ கால்ல வைக்கறதோ கூடாது. சங்கல்பத்துக்கு பேர், நட்சத்திரம், ராசி, கோத்திரம் கேப்பார். வீட்ல நாலு பேருக்கும் ஒரு துண்டுச் சீட்டுல எழுதிட்டு போங்க, அந்த நேரத்துல "என் மகனுக்கு பூராடமா உத்திராடமா"ன்னு வீட்டுக்கு ஃபோன் போடறது பின்னால நிக்கறவங்களுக்கு பெரிய சோதனை. கோத்திரம் தெரியலன்னா சிவ கோத்திரம்னு சொன்னா போதும்.

விளக்கு அதுக்குன்னு வச்சிருக்கற மேடைல ஏத்துங்க. கோஷ்டத்து படில, சுவர் ஓரத்துல ஏத்தி ஏத்தி கருங்கல் எல்லாம் எண்ணெய்ப் பிசுக்கா, கரியா கிடக்கு. திரிய மொதல்லயே நெய்ல முழுசா முக்கி எடுத்துக்கோங்க, காஞ்ச திரி கருகி அணைஞ்சுடும். மார்கழில நெய் உறைஞ்சு போயிருக்கும், கிளம்பும்போது லேசா உருக்கிக்கணும்.

சொல்றதுக்கு என்ன? சன்னதிக்கு மேல போர்டுல "வ்ருஷப த்வஜாய வித்மஹே"ன்னு எழுதியிருந்தா அது குரு கிரகத்தோட காயத்ரி, பல இடத்துல மாத்தி எழுதி வச்சிருக்காங்க. இவருக்கு "தக்ஷிணாமூர்த்தயே வித்மஹே த்யானஸ்தாய தீமஹி"ன்னு ஆரம்பிக்கறது. சம்ஸ்கிருதம் வாய்ல நுழையலன்னா பரஞ்சோதி முனிவர் பாடின "கல்லாலின் புடையமர்ந்து" பாட்டு தமிழ்லயே இருக்கு, நாலே வரி, ஒரு வாரத்துல மனப்பாடம் ஆயிடும்.

அவர மட்டும் தனியா மூணு சுத்து சுத்தணும்னு பாக்காதீங்க, சுவத்துல இருக்கறவர எப்படி சுத்தறது, சில பேர் நின்ன இடத்துலயே தன்னைத் தானே சுத்திக்கறாங்க. முழு பிராகாரத்தையும் சுத்தினாலே அவரையும் சுத்தின மாதிரி தான். வடக்க சண்டிகேஸ்வரர்கிட்ட மெதுவா கை தட்டிட்டு வாங்க, அவர் தியானத்துல இருக்கார், துணில இருந்து நூல் உருவி போடறதெல்லாம் வேண்டாம். நவகிரகம் போறதா இருந்தா அதுக்கப்பறம்.

9. உக்காருங்க

மாலை, விளக்கு, அர்ச்சனை எல்லாம் பண்ணிட்டு இத விட்டுட்டு ஓடிடறாங்க. பேசாம சொல்லிக் குடுக்கற வாத்தியார்கிட்ட வந்துட்டு நாம மட்டும் பேசிட்டு கிளம்பினா எப்படி? எதிர் சுவர் ஓரமா, நடைபாதைய மறைக்காம, அவர் முகம் தெரியற இடத்துல பத்து நிமிஷம் உக்காருங்க. ஃபோன சைலண்ட்ல போட்டா போதாது, அணைச்சுடுங்க.

கண்ண மூடினா மனசு கடைத்தெருவுக்கு ஓடும், மொதல்ல கண்ண திறந்து வச்சே பாருங்க. கீழ இருந்து மேல. வலது கால் கீழ தொங்குது, அதுக்கடியில குப்புற கிடக்கறவன் முயலகன், அறியாமைனு சொல்வாங்க. இடது கால் மடிச்சு வலது தொடை மேல. ரெண்டு பக்கமும் தாடியோட குட்டியா ரிஷிங்க, நாலு பேரையும் எண்ணுங்க, சில கோவில்ல ரெண்டு பேர் தான் செதுக்கியிருப்பாங்க. முன் வலது கைல சின்முத்திரை: கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தொட்டுக்கிட்டு, மத்த மூணு விரல் தனியா நிக்கும். ஆணவம், கன்மம், மாயை மூணையும் விட்டு விலகின உயிர் இறைவன தொடறதுன்னு சைவத்துல சொல்லுவாங்க. இன்னொரு முன் கைல சுவடி. பின் கைல ஜபமாலை இருக்கா, பாம்பு இருக்கா, தீ இருக்கான்னு பாருங்க, கோவிலுக்கு கோவில் மாறும். தலைக்கு மேல மரம், அதோட இலைங்க.

ஒவ்வொரு வாரமும் புதுசா ஏதாவது ஒண்ணு கண்ணுல படும். எங்க கோவில்ல மரத்துக் கிளைல ஒரு குட்டி அணில் செதுக்கியிருக்காங்க, எனக்கு அது தெரியறதுக்கே ஆறு மாசம் ஆச்சு. முதல் வாரம் மூணு நிமிஷத்துலயே எழுந்துட்டேன், அதனால உங்களுக்கும் முடியலன்னா பரவாயில்ல, அடுத்த வாரம் ஒரு நிமிஷம் கூட உக்காருங்க.

10. வீட்டுக்கு வந்தப்பறம்

மாலைய திருப்பி குடுத்தா அத பூஜை அறைல மாட்டி வைக்காதீங்க, ரெண்டாவது நாள் பூசணம், மூணாவது நாள் எறும்பு. அன்னைக்கே நூல உருவிட்டு கழுவி மாட்டுக்கு போடுங்க. சுண்டல் பண்ணணும்னா ஊறவச்சதுல மிஞ்சின கடலைய எடுத்து பண்ணுங்க, சாமி மேல சாத்தினதுல எண்ணெயும் விபூதியும் ஏறியிருக்கும். என்னக் கேட்டா, பதினோரு வாரம் வேண்டிக்கிட்டவங்க மொத வாரமும் கடைசி வாரமும் மாலை போட்டுட்டு நடுவுல இருக்கற வாரமெல்லாம் கால் கிலோ சுண்டல் பண்ணி பிராகாரத்துலயே குடுத்துடலாம், வாராவாரம் ஒரு கூடை கடலைய வீணா கொட்டறத பாக்க முடியல.

வீட்ல படம் மாட்டறவங்களுக்கு ஒரு விஷயம், தெற்கு சாமின்னு நெனச்சு தெற்கு சுவத்துல மாட்டிடறாங்க, அப்ப அவர் வடக்க பாத்துட்டு இருப்பார். வடக்கு சுவத்துல மாட்டுங்க, அவர் தெற்க பாப்பார், நாம வடக்க பாத்து உக்காரலாம்.

அப்பறம் அடுத்த வாரத்துக்கு கடலை இருக்கான்னு புதன்கிழமை சாயங்காலமே டப்பாவ திறந்து பாத்துடுங்க, ராத்திரி 9 மணிக்கு மேல தெருமுனை கடை மூடிடுவாங்க.